போதோயாரின் மூன்றாவது பிள்ளை

மாப்பிள்ளையின் அம்மா சல்தனாத் காதணியைக் கையில் எடுத்துவிட்டாள். வெள்ளியில் செய்து சிவப்புப் பவழம் பதித்த காதணி. பெர்மெத் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அது காதில் ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் ஜும்கல் ஊர்க்காரர்கள் வீட்டுப் பெண். அந்த நேரம் பார்த்து ரிஸ்கெல்தி தொண்டையைக் கனைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க. மாப்பிள்ளை ஏழு தகப்பன் பேரைச் சொல்லட்டும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

பெண்ணின் தகப்பன் ஷெய்ஷெனுக்கு ரிஸ்கெல்தி பெரியப்பா மகன். அக்-தலாவில் அந்தக் குலத்துக்கே மூத்தவர். குலத்தின் வம்சாவளியை எழுதிப் புத்தகமாக அச்சடித்து வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தவர். எந்த விருந்துக்குப் போனாலும் அந்தப் புத்தகம் அவர் கக்கத்தில் இருக்கும். தொப்பியை மறந்தாலும் மறப்பார், அதை மறக்க மாட்டார்.

மாப்பிள்ளை உலுக்மான் எழுந்து நின்றான். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது, தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது.

"மைராம்பெக், காசிம், ஒமோர், பைகாசி, துர்சுன், போதோயார்..."

"நிறுத்து. எந்த போதோயார்?"

"அக்-தலா போதோயார்னு சொல்வாங்க. எங்க முன்னோர் இந்தப் பக்கத்துலேர்ந்துதான் கணவாய் தாண்டி வந்தாங்களாம்." பெண் வீட்டாருக்கு இது பிடிக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

ரிஸ்கெல்தி புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை.

"போதோயாருக்குப் பிள்ளைங்க மூணு. எசென்குல், மோல்தாலி, துர்சுன். நாங்க எசென்குல் வழி. பெர்மெத்துக்கு ஆறாவது தகப்பன் போதோயார். உனக்கும் ஆறாவது." புத்தகத்தை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் பங்காளிங்க. மாப்பிள்ளை பொண்ணு இல்லை, அண்ணன் தங்கச்சி."

ஏழு தலைமுறைக்குள் தகப்பன் வழி ஒன்றாக இருந்தால் அங்கே கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது. அதை அறியாதவர் கூடத்தில் யாரும் இல்லை. சல்தனாத் காதணியைத் திரும்பக் கைக்குட்டையில் வைத்து மெல்ல முடிச்சுப் போட்டாள். அறுத்த ஆடு சமைந்து தட்டில் வந்தது. விருந்தாளிகள் மரியாதைக்கு ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுவிட்டு எழுந்தார்கள். உலுக்மான் வாசலில் நின்று பெர்மெத்தைத் திரும்பிப் பார்க்கவா வேண்டாமா என்று தெரியாமல் தரையைப் பார்த்தபடியே போனான்.

கார் போன பிறகு பெர்மெத் சமையலறையில் வந்து நின்றாள்.

"பெரியப்பா புத்தகத்தைத் திறந்தாரு, நான் தங்கச்சி ஆயிட்டேன். மூடினா திரும்பப் பொண்ணாயிடுவேனா?" என்றாள். அழவில்லை. கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. "நாங்க பிஷ்கெக் போய்ப் பதிவு பண்ணிக்கிறோம். அங்க யாரும் தாத்தா பேரைக் கேக்க மாட்டாங்க."

"பதிவு பண்ணலாம்மா," என்றார் ஷெய்ஷென், தன் கம்பளித் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே. "ஆனா நாளைக்கு உன் பிள்ளை தும்மினாக்கூட ஊரு இதைத்தான் காரணம் சொல்லும். உலுக்மானும் ஒத்துக்க மாட்டான், பாரு. அவன் முகத்தைப் பார்த்தேன்."

பெர்மெத்தின் அம்மா அனார்கான் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை மட்டும் எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு அவள் மார்க் போட மாட்டாள், எப்படி வந்தது என்று கேட்பாள். விடை சரியாக இருந்தாலும் கேட்பாள். கடைசித் தட்டைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தாள். அலமாரியில் தூசி படிந்து கிடந்த அவர்கள் வீட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாள்.

துர்சுன் என்ற பேருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது. மற்ற இருவருக்கும் கிளை கிளையாகப் பக்கம் பக்கமாகப் பிள்ளைகள். துர்சுனுக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் ரிஸ்கெல்தி வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் தன் சாம்பல் நிறக் குதிரைக்குச் சீப்பு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குதிரை நடந்தால் மேலே உட்கார்ந்தவர் கையில் இருக்கும் குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் கிண்ணம் தளும்பாது என்று ஊருக்கே பெருமை.

"பெரியத்தான், துர்சுன் பேரை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"வாம்மா டீச்சரம்மா. பரீட்சை வைக்க வந்தியா?"

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினார். "எங்க அப்பா சொன்னது பாதி. பக்கத்து ஊர்க் கிழவர் ஒருத்தர் சொன்னது மீதி. வேற யாரைக் கேக்கச் சொல்ற? பதினாறாம் வருஷம் ஜார் படைக்குப் பயந்து சீனாப் பக்கம் ஓடினப்ப விவரம் தெரிஞ்சவங்க பனியிலயே போயிட்டாங்க. திரும்பி வந்தவங்க முப்பத்தேழுல போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடுவான்னு பயந்து வாயைத் திறக்கலை. நான் பத்து வருஷம் வீடு வீடா அலைஞ்சு பொறுக்கினது இது." அவர் குரலில் வீம்பு இல்லை, அப்போது அவளுக்கே அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

"துர்சுனோட பிள்ளைங்க யாருன்னு?"

"தெரியலை. தெரியாததுக்குக் கோடு போட்டேன்."

"எங்க வீட்டுக்கு நேரேயும் கோடுதான் போட்டிருக்கீங்க."

"உங்களுக்கு ரெண்டும் பொண்ணுதானே?"

"அப்ப கோடுன்னா தெரியாதுன்னு அர்த்தமா, பொண்ணுன்னு அர்த்தமா?"

"ரெண்டும்தான்!" என்று சொல்லிவிட்டுக் குதிரை பக்கம் திரும்பிக்கொண்டார்.

அனார்கானுக்கு முதலில் தோன்றியது வேறு. போதோயார் என்ற பேரில் இன்னொருவர் இருந்திருக்கலாம். ஜும்கல்காரர்களின் போதோயார் வேறு, இவர்களின் போதோயார் வேறு என்று காட்டிவிட்டால் போதும். கோடை விடுமுறை விட்டதும் பிஷ்கெக் ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். ஜார் காலத்தில் வரி போடுவதற்காகக் கூடாரம் கூடாரமாக எடுத்த கணக்குக் கட்டுகள் அங்கே இருந்தன. அக்-தலா கட்டு பாதிதான் மிஞ்சியிருந்தது. ஜும்கல் கட்டில் நடுப்பக்கங்களே காணோம். மிஞ்சியவற்றில் ஓரங்களை எப்போதோ தண்ணீர் தின்றிருந்தது.

காப்பகத்தில் வேலை செய்த பெண் நல்லவள். கையுறை மாட்டிவிட்டு, பூதக்கண்ணாடி கொடுத்து, பழைய ருஷ்ய எழுத்தைப் படித்தும் காட்டினாள். இரண்டாம் நாள் மதியம் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"இதோ பாருங்கக்கா. ஜும்கல், குளிர்காலத் தங்கல். கூடாரத்துக்குத் தலைமை துர்சுன். அக்-தலாவிலிருந்து வந்த குடும்பம்னு போட்டிருக்கு. ஆண் பிள்ளைங்க நாலு. ஒரு பொலி எருது, ஒரு குதிரை, ஏழெட்டு ஆடு."

"தகப்பன் பேரு?"

"போதோயார்."

அனார்கான் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். அக்-தலாவிலிருந்து வந்தவர், போதோயாரின் பிள்ளை. தப்பிக்க வழி தேடி இவ்வளவு தூரம் வந்து, தானே ரிஸ்கெல்திக்குச் சாட்சி சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பெண் மட்டும் இன்னும் குனிந்தே இருந்தாள். "சே, பேரோட வால் போயிடுச்சு. போதோயாரோ... அப்புறம் தண்ணி பட்டு அழுகியிருக்கு. அந்தக் கடைசி எழுத்து இருந்திருந்தா ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிருக்கும்."

"ஆணா பொண்ணான்னா?"

"ருஷ்யக்காரன் எழுதறப்ப பொண்ணுன்னா பேருக்குக் கடைசியில ஒரு எழுத்து சேர்ப்பான் இல்லையாக்கா. நம்ம பேச்சுல அவனும் ஒண்ணு அவளும் ஒண்ணு, பிள்ளைன்னா ரெண்டுக்கும் பொது. துர்சுன்ங்கிற பேரும் அப்படித்தான். முன்னாடி பொறந்ததெல்லாம் தவறிப்போனா, இதாவது தங்கட்டும்னு வைக்கிற பேரு. ஆணுக்கும் வைப்பாங்க, பொண்ணுக்கும் வைப்பாங்க."

"கூடாரத்துக்குத் தலைமை ஒரு பொண்ணா இருக்க முடியுமா?"

"விதவைன்னா அவ பேரைத்தானே எழுதுவான்? வரி யாராவது கட்டணுமே." சிரித்தாள். "ஆனா பொண்ணுதான்னு நான் சொல்லலை. எழுத்து இல்லை. இல்லாததை நான் படிக்க முடியாது."

அன்று சாயங்காலம் பிஷ்கெக் பேருந்து நிலையத்தில் ஒரு சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கடிக்காமலே நின்றாள் அனார்கான். துர்சுன் போதோயாரின் மகன் என்றால் உலுக்மான் பங்காளி, கல்யாணம் கிடையாது. மகள் என்றால் உலுக்மானின் தகப்பன் வழி வேறு எங்கோ போகிறது, போதோயார் வீடு அவனுக்குத் தாய்மாமன் வழி. மாமன் வீட்டுப் பெண்ணைக் கட்டுவதற்கு யார் வந்து என்ன சொல்ல முடியும்? ஒரே ஒரு எழுத்து. அதைத் தண்ணீர் தின்றுவிட்டது. ஊருக்குப் போகும் வண்டியில் ஏறவில்லை, ஜும்கல் போகும் வண்டியில் ஏறினாள்.

சல்தனாத் அவளை வாசலில் பார்த்ததும் கொஞ்சம் திகைத்துத்தான் போனாள். இருந்தாலும் வீடு தேடி வந்தவளை உள்ளே அழைத்து, பால் விட்ட உப்புத் தேநீர் ஊற்றி, புதுக் கைமக் பாலாடையையும் ரொட்டியையும் நகர்த்தி வைத்தாள்.

"பையன் எப்படி இருக்கான்?" என்று அனார்கான் கேட்டாள்.

"விடிஞ்சா டிராக்டர்ல ஏறுறான், இருட்டினா இறங்குறான். உழுத நிலத்தையே திரும்ப உழுதுக்கிட்டு இருக்கான். உங்க பொண்ணு?"

"எங்க வீட்டுல பாத்திரம் எல்லாம் நெளிஞ்சு போச்சு. அப்படி விளக்குறா."

சல்தனாத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "எனக்கும் மனசே ஆறலைக்கா. அந்தக் காதணி என் மாமியார் எனக்குப் போட்டது. அதைத் திரும்ப முடிஞ்சப்ப என் கையே என் கையா இல்லை."

அன்று ராத்திரி அங்கேயே தங்கச் சொன்னாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. இறந்துபோனவர்களுக்காக எண்ணெய் மணம் எழுப்பும் நாள். காலையில் சல்தனாத் பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காய வைத்துப் போர்சோக் பொரிக்க ஆரம்பித்தாள். அனார்கான் சும்மா இருக்க முடியாமல் மாவைத் தேய்த்துச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தாள். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. பொரித்து வந்த பிறகு தட்டைச் சுற்றி உட்காருவதுதான் அவர்கள் பங்கு.

எண்ணெய் மணம் கிளம்பியதும் சல்தனாத்தின் உதடு அசைந்தது. பழக்கத்தில் வருகிற முணுமுணுப்பு, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும்.

"மாமனார் காசிமுக்குச் சேரட்டும். அவரைப் பெத்த ஒமோருக்குச் சேரட்டும். பைகாசிக்கும் அவரோட கூடப்பிறந்த மூணு பேருக்கும் சேரட்டும். துர்சுன் ஆத்தாவுக்கு, போதோயார் வீட்டு மகளுக்கு, நாலு பிள்ளையையும் எருதுமேல வச்சு மோல்தோ கணவாய் ஏறி வந்தவளுக்குச் சேரட்டும்..."

அனார்கானின் கை நின்றுவிட்டது.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"அந்தக் கடைசிப் பேரு. திரும்பச் சொல்லுங்க."

"நடுவுலேர்ந்து வராதுக்கா. முதல்லேர்ந்து ஆரம்பிச்சாத்தான் வரும்."

"அப்ப முதல்லேர்ந்தே சொல்லுங்க!"

சல்தனாத் மறுபடியும் காசிமிலிருந்து ஆரம்பித்தாள். ஒமோர், பைகாசி என்று வரும்போதே அவள் குரல் மெதுவானது. துர்சுன் ஆத்தா என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"உங்க பையன் அன்னைக்குச் சொன்னதும் இதே வரிசைதான்," என்றாள் அனார்கான். "காசிம், ஒமோர், பைகாசி, துர்சுன்."

சல்தனாத் மாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தாள். "ஐயோ... நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல மாமியார் சொல்லிக் கொடுத்தது. அவங்களுக்கு அவங்க மாமியார். ஆம்பளைங்க சொல்ற துர்சுன் வேற, இது வேற யாரோ ஒரு பொம்பளைன்னு இருந்துட்டேன். ரெண்டையும் சேர்த்து ஒரு நாளும் யோசிச்சதே இல்லைக்கா. அவங்க சொல்றது அங்க, நாங்க சொல்றது இங்க."

சட்டியில் போர்சோக் கருகி வீடெல்லாம் புகை. "என்னடி, அடுப்புல குதிரையைப் போட்டுட்டியா?" என்று இருமிக்கொண்டே உள்ளே வந்தார் ஜுமாதில். சல்தனாத்தின் மாமனாருக்குத் தம்பி. எழுபது தாண்டியும் சேணத்தில் தானே ஏறுகிறவர். அந்த வீட்டு ஆண்களில் உயிரோடு இருக்கும் மூத்தவர் அவர்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் நம்பவில்லை.

"துர்சுன் எங்க தகப்பன் வரிசையில இருக்கிறவர். தகப்பன் வரிசையில பொம்பளை எப்படி வரும்?"

"அப்ப பைகாசியோட அப்பா யாருங்கய்யா?" என்று அனார்கான் கேட்டாள்.

"துர்சுன்."

"அதான் கேக்கறேன். பைகாசியைப் பத்திப் பேசறப்ப வேற எந்த ஆம்பளை பேராவது காதுல விழுந்திருக்கா?"

பெரியவர் யோசித்தார். "கச்சிகேன்னு ஒருத்தர் பேரு எங்க அப்பா சொல்லுவார். தலாஸ் பக்கத்து ஆளு. சொந்தம் பந்தம்னு யாரும் கிடையாது. போதோயாரோட குதிரைங்களை மேய்க்க வந்தவர். பனிச்சரிவுல போயிட்டார்னு சொல்லுவார். அவரை நான் துர்சுனோட தம்பின்னு..." அங்கே நிறுத்திக்கொண்டார்.

"தலாஸ்காரர் எப்படி அக்-தலா துர்சுனுக்குத் தம்பி ஆவார்?"

ஜுமாதில் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார்.

"ஆளு இல்லாத ஒரு மேய்ப்பனுக்கு வாக்கப்பட்டு, அவன் போன பிறகு நாலு பிள்ளையோட கணவாய் ஏறி வந்திருக்கா. இந்த ஊர்ல அவனை யாருக்குத் தெரியும்? அவளைத்தான் தெரியும். துர்சுன் பிள்ளைங்கன்னுதான் கூப்பிட்டிருப்பாங்க. எங்க கொள்ளுப்பாட்டியை எழுபது வருஷமா தகப்பன்னு கும்பிட்டிருக்கேன் பாரு!" சட்டென்று நிமிர்ந்தார். "இரு இரு. எங்க அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை அக்-தலா போவார். வெறுங்கையோட திரும்பினதே இல்லை. ஒரு தடவை வெள்ளிக் கடிவாளம். ஒரு தடவை சாம்பல் குதிரை ஒண்ணு, நானே அதுல ஏறியிருக்கேன். கேட்டு வாங்கினதில்லை, அவுத்துக்கிட்டு வர்றது. எங்கம்மா திட்டுவாங்க, திருட்டுப் பயலேன்னு. அப்பா சிரிப்பார். திருட்டுன்னா அவங்க துரத்திக்கிட்டு வரணுமே? ஆடு அறுத்துச் சோறு போட்டு அனுப்பி வைப்பாங்களாம்!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு உண்டு என்று அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாய்மாமன் வீட்டில் மருமகனுக்கு மட்டும்தான்.

"உலுக்மானைக் கூப்பிடு," என்றார் ஜுமாதில். "டிராக்டரை நிறுத்தச் சொல்லு. எல்லாரும் அக்-தலா போறோம்."

ரிஸ்கெல்தி விருந்தாளிகளை முறைப்படி வரவேற்றார். கம்பளம் விரித்து மேலிடத்தில் ஜுமாதிலை உட்கார வைத்தார். ஷெய்ஷெனும் பெர்மெத்தும்கூட வந்து சேர்ந்தார்கள். அனார்கான் காப்பகத்தில் பார்த்ததில் தொடங்கி எண்ணெய்ச் சட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். ரிஸ்கெல்தி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் திறந்தார்.

"கேட்டேன்மா. காப்பகத்துல எழுத்து இல்லைன்னு நீயே சொல்ற. மிச்சம் என்ன? அடுப்படியில பொம்பளைங்க முணுமுணுக்கிறது. அதை நான் வம்சாவளின்னு அச்சடிக்கணுமா?"

"உங்க புத்தகத்துல இருக்கிறது மட்டும் என்ன பெரியத்தான்? குமிஸ் குடிச்ச ஆம்பளைங்க முணுமுணுத்ததுதானே?"

ஷெய்ஷெனுக்குத் தேநீர் புரையேறிவிட்டது. ரிஸ்கெல்தியின் முகம் சுருங்கியது.

"பத்து வருஷம்," என்றார். "பத்து வருஷம் அலைஞ்சேன். இப்ப மூணு பிள்ளையில ஒண்ணு பொண்ணுன்னு நான் எழுதிட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் வந்து அதை மாத்து இதை மாத்துன்னு நிப்பான். வேற சாட்சி இருந்தா கொண்டு வாங்க."

உலுக்மான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஜுமாதில் அவன் முழங்காலைத் தட்டி அடக்கினார். பிறகு கைகளை முகத்தில் தடவி நன்றி சொல்லிவிட்டு, "கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்று எழுந்து வெளியே போனார்.

தேநீர் இன்னொரு சுற்று வந்தது. யாரும் குடிக்கவில்லை. முற்றத்தில் குளம்புச் சத்தம் கேட்டது. ரிஸ்கெல்திக்கு அந்தச் சத்தம் கனவிலும் தெரியும். எட்டிப் பார்த்தவர் செருப்பை மறந்து வெறுங்காலோடு ஓடினார்.

ஜுமாதில் சாம்பல் குதிரையை அவிழ்த்து, சேணம் போட்டு, மேலே ஏறியும் உட்கார்ந்திருந்தார்.

"ஏய்! ஏய்! அது என் குதிரை!"

"தெரியுமே. நல்ல குதிரை."

"எங்க கொண்டுபோற?"

"வீட்டுக்கு. மாமன் வீட்டுக்கு வந்துட்டு வெறுங்கையா போனா எங்க அப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து உதைப்பார்."

ரிஸ்கெல்தி கடிவாளத்தைப் பிடித்தார். திட்டுவதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பின்னால் ஓடி வந்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்துகொண்டிருந்தது.

"விலங்கு," என்றார் கடைசியில்.

"என்ன?"

"இரும்பு விலங்கு. ஜும்கல் பக்கத்துலேர்ந்து யாராவது வர்றாங்கன்னு தெரிஞ்சா எங்க அப்பா பரண்லேர்ந்து குதிரை விலங்கை எடுத்து நல்ல குதிரை கால்ல மாட்டிடுவார். 'மருமகன் வர்றான்டா, மருமகன் வர்றான்டா'ன்னு சொல்லிக்கிட்டே மாட்டுவார். அப்படிச் சிரிப்பார். எனக்கு அப்ப ஏழு வயசோ எட்டோ. மருமகன்னா அவங்களுக்கு வச்ச கேலிப் பேருன்னு நெனச்சேன்." கடிவாளத்தை விட்டுவிட்டு உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை பேரைக் கேட்டேன்! ஊர் ஊரா போய்க் கேட்டேன். என் தலைக்குள்ள இருந்ததை நான் கேக்கவே இல்லையே."

யாரும் அவரைக் குத்திக்காட்டவில்லை. அனார்கானுக்கும் அதற்கு மனம் வரவில்லை. ஜுமாதில் மட்டும் குதிரைமேல் இருந்தபடியே குனிந்து இரு கைகளையும் நீட்டினார். ரிஸ்கெல்தி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மருமகனே," என்றார். "உங்களைவிட நாலஞ்சு வயசு சின்னவன் நான். இருந்தாலும் மாமன்தான்."

"வந்துட்டேன் மாமா."

"சரி, இறங்குங்க. அந்தக் கொட்டகையில ஒரு கிழட்டுச் செம்பட்டைக் குதிரை நிக்குது. அதை எடுத்துக்குங்க."

"மாமன் வீட்டுல பேரம் கிடையாது."

"பல்லு மூணுதான் இருக்கு, ஆனா குணம் தங்கம்."

"எனக்குச் சாம்பல் நிறம்தான் பொருந்தும்."

பெர்மெத்தான் முதலில் சிரித்தாள். பிறகு உலுக்மான். அப்புறம் முற்றமே சிரித்தது. ரிஸ்கெல்தியும் சிரித்தார், ஆனால் அவர் கண் குதிரையை விட்டு நகரவில்லை. சல்தனாத் மேலாடைக்குள் கையை விட்டாள். கைக்குட்டை முடிச்சை வீட்டிலேயே விட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை போலும். அங்கேயே, குதிரை லாயத்துக்குப் பக்கத்தில், நின்றவாக்கிலேயே பெர்மெத்தின் காதில் காதணியைப் போட்டுவிட்டாள். அப்படி ஒரு இடத்தில் போடுவது முறையா என்று யாரும் கேட்கவில்லை, ரிஸ்கெல்தி உட்பட.

அறுவடை முடிந்ததும் ஜும்கலில் கல்யாணம் நடந்தது. அக்-தலாவிலிருந்து போனவர்களைச் சல்தனாத் முதலில் ஆற்றங்கரை மேட்டுக்கு அழைத்துப்போனாள். துர்சுனின் குளிர்காலத் தங்கல் இருந்த இடம். கல் வைத்துக் கட்டிய ஆட்டுப்பட்டியின் அடிச்சுவர் இன்னும் இருந்தது, பக்கத்தில் பேர் எழுதாத ஒரு மண் மேடு. ஷெய்ஷென் முட்டிபோட்டு ஓதினார். அனார்கான் கணவாய் இருந்த திசையைப் பார்த்தாள். கோடையிலேயே அங்கே பனி கிடக்கும். நாலு பிள்ளையும் ஒரு எருதும். பெற்றவர்கள் இதாவது தங்கட்டும் என்று பேர் வைத்த பெண், தானும் தங்கி நாலு பேரையும் தங்க வைத்திருக்கிறாள். நூறு நூற்றைம்பது பேர் இன்று கல்யாணப் பந்தலில் அவள் வழியில் வந்தவர்கள். பேர் எழுதிய கல் ஒன்று நட வேண்டும் என்று ஜுமாதிலிடம் சொன்னாள். சொல்லியாகிவிட்டது, கல்லே எடுத்தாகிவிட்டது என்றார் அவர்.

அடுத்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அனார்கான் வீட்டு வாசலில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. எட்டிப் பார்த்தால் ரிஸ்கெல்தி. பின் இருக்கையில் சல்தனாத், மடியில் ஒரு மூட்டை போர்சோக்.

"ஏறும்மா டீச்சரம்மா," என்றார். "உன் மாப்பிள்ளைக்கு இப்ப அஞ்சாவது தகப்பன் கச்சிகேங்கிறது வரைக்கும்தான் தெரியும். அதுக்கு மேல கேட்டா பையன் திருதிருன்னு முழிக்கிறான். பெர்மெத்துக்கு ஒரு பிள்ளை பொறந்தா அது எந்தப் பேரைச் சொல்லும்?"

"எங்க போறோம்?"

"தலாஸுக்குத்தான். அங்க ஒரு கிழவர் இருக்காராம். குதிரை மேய்க்கப் போய்த் திரும்பி வராத ஒருத்தரைப் பத்தி அவங்க குலத்துல ஏதோ பேச்சு இருக்காம். பேரு தெரியலை."

"அவர்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன்," என்றார் ரிஸ்கெல்தி. பிறகு கண்ணாடி வழியாகப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "அவர் மனைவிகிட்டயும் பேசினேன். நேர்ல வாங்கன்னு சொன்னது அந்தம்மாதான்."

அனார்கான் உள்ளே ஓடித் தலைத்துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.